அரசனில்லாத பேரரசு: மாத்தளை வழியே சென்ற ஐந்நூற்றுவர்

ஏ9 வீதி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது ஓமந்தையும் முகமாலையும்தான். வரிசை, சோதனை, பொதியை அவிழ்த்துக் காட்டுவது, திரும்பக் கட்டுவது. அதே வீதி கண்டியில் தொடங்கி, எங்கள் மாத்தளை நகரைக் கடந்து, நாலந்தை, தம்புள்ளை என்று இறங்கித்தான் வவுனியாவுக்குப் போகிறது என்பதை வடக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. நான் இந்த வீதியின் தென்பக்கத்தில் பிறந்தவன். என் தந்தையார் மாத்தளையில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். மிளகும் பாக்கும் கராம்பும் லொறியில் வடக்கே போகும். சின்ன வெங்காயமும் புகையிலையும் கருவாடும் திரும்பி வரும். இந்தப் போக்குவரத்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

பின்னாளில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியனானேன். கானா, மாலி, சொங்காய் என்று மத்தியகால மேற்கு ஆபிரிக்காவின் வணிகப் பேரரசுகளைப் பற்றி ஒருநாள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "எங்களுக்கு அப்படி ஒன்று இருந்ததா சேர்?" என்று கேட்டாள். எங்களுக்கு என்றால் தமிழருக்கு. இருந்தது என்றேன். ஆனால் அதற்கு அரசனும் இல்லை, தலைநகரும் இல்லை, எல்லையும் இல்லை. வழி மட்டும்தான் இருந்தது. அன்று வகுப்பில் அரைமணி நேரத்தில் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அவர்களின் பெயர் ஐந்நூற்றுவர். முழுப்பெயர் திசையாயிரத்து ஐந்நூற்றுவர். நானாதேசிகள், வீரவளஞ்சியர் என்ற பெயர்களும் உண்டு. கருநாடகத்து ஐகொளே என்ற ஊர்தான் இவர்களின் மூல இடமாகச் சொல்லப்படுகிறது. அந்த ஊரைத் தமிழ்க் கல்வெட்டுகள் ஐயப்பொழில் என்கின்றன. அந்தப் பொழிலின் பரமேசுவரியே இவர்களின் தெய்வம். 18 பட்டினம், 32 வேளாபுரம், 64 கடிகைத்தாவளம் தங்களுடையவை என்று தங்கள் புகழுரையில் சொல்லிக்கொண்டார்கள். எண்களை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் அந்தப் பட்டியலின் வகை முக்கியமானது. பட்டினம், துறை, சந்தை என்றுதான் அது போகிறது. நாடு, கோட்டை என்று போகவில்லை. தாவளம் என்றால் வணிகர் இறங்கித் தங்கி விற்கும் சந்தை. சிங்களத்தில் பொதிமாட்டுக் கூட்டத்தைத் 'தவலம' என்பார்கள். கடற்கரை உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்கு ஏற்றிவந்து பாக்கைக் கொண்டுபோனவை அந்த மாடுகள். இரண்டும் ஒரே சொல்லின் இரு முகங்கள் என்றே எனக்குப் படுகிறது.

இவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதைக் கற்களே சொல்கின்றன. சுமாத்திராவின் பாருஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில், லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அங்கு வரும் கப்பல் தலைவனும் மாலுமிகளும் கத்தூரி விலையை வைத்துக் கணக்கிட்ட பொன்னைச் செலுத்திய பிறகே விரிப்பில் கால் வைக்கலாம் என்பது அதில் உள்ள விதி. பர்மாவின் பாகானில் நானாதேசிகளின் பெயரால் ஒரு விண்ணகரமே இருந்தது. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வேறு வணிகக் குழுக்களும் இவர்களோடு சேர்ந்து இயங்கின. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு (849) அந்த இரண்டையும் குறிப்பிடுகிறது.

இலங்கைக்கு வருவோம். 993ஆம் ஆண்டளவில் சோழர் அநுராதபுரத்தைக் கைப்பற்றி, பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்ற பெயரில் தலைநகராக்கினார்கள். 1070 வரை அவர்கள் இருந்தார்கள். வணிகர் படைக்குப் பின்னால் வந்தார்கள் என்றுதான் பாடநூல்கள் சொல்லும். அது பாதி உண்மை. படை திரும்பிப் போன பின்னும் வணிகர் போகவில்லை. ஐந்நூற்றுவரோடு தொடர்புள்ள தமிழ்க் கல்வெட்டுகள் பதவியாவில், வாகல்கடவில், பொலன்னறுவையில் கிடைத்துள்ளன. எங்கள் மாத்தளை மாவட்டத்தில் விகாரஹின்ன என்ற இடத்திலும் ஒன்று கிடைத்தது. சோழர் போய் நெடுங்காலத்துக்குப் பிறகும், சிங்கள மன்னர் ஆட்சியிலேயே, இவர்களின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. வாகல்கடக் கல்வெட்டு ஓர் ஊரை நானாதேசி வீரபட்டினமாக அறிவித்த செய்தியைச் சொல்கிறது.

வீரபட்டினம் என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். காட்டுவழியில் பொதி கொண்டுபோகிறவனுக்குக் காவல் வேண்டும். அரசனின் காவல் எல்லா இடத்துக்கும் வராது. ஆகவே வணிகர் தங்கள் காவலைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். எறிவீரர், முனைவீரர், கொங்கவாளர் என்றெல்லாம் அந்த ஆயுதக்காரருக்குப் பெயர். எங்காவது ஓர் ஊரில் அந்த வீரர்கள் வணிகருக்காகச் சண்டையிட்டால், அந்த ஊருக்கு வீரபட்டினம் என்ற தகுதியைக் கொடுத்துக் கல் நட்டார்கள். சில கற்களில் வாள், விளக்கு, கலப்பை, அரிவாள் போன்ற சின்னங்களையும் பார்க்கலாம்.

காவலுக்குச் செலவு யார் கொடுப்பது? சரக்கே கொடுத்தது. பொதிக்கு இவ்வளவு என்று வணிகர் தங்களுக்குள் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். பட்டணப்பகுடி என்று அதற்குப் பெயர். சிவகங்கைப் பக்கத்துப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு மிளகு, பாக்கு, உப்பு என்று சரக்குச் சரக்காக அந்தப் பங்கைக் கணக்கிட்டுச் சொல்கிறது. நம் கடைக்காரருக்கு இது புதிய செய்தியல்ல. மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகத் தேருக்கு எங்கள் தெருக் கடைகள் மகமை எடுத்துவைத்ததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பெட்டிக்குள் அதற்கென்று தனியாக ஒரு தகர டப்பா இருக்கும். அப்பா எவ்வளவு நெருக்கடியிலும் அதில் கை வைத்ததில்லை.

நாட்டில் நிலைத்திருக்க ஐந்நூற்றுவர் செய்த இன்னொரு காரியம் உண்டு. அதைத்தான் இன்று இரண்டு பக்கத்தாரும் பேச விரும்புவதில்லை. எந்த ஊரில் எந்த வழிபாடு இருந்ததோ அதற்குக் கொடுத்தார்கள். தமிழகத்தில் சிவன் கோயிலுக்கும் விண்ணகரத்துக்கும் கொடுத்தவர்கள், இலங்கையில் பௌத்தப் பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள். விஜயபாகு மன்னன் மறைந்த பின், பொலன்னறுவையில் இருந்த புத்தரின் தந்தக்கோயிலைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. கேட்டவர் முகலன் என்ற மகாதேரர். ஏற்றுக்கொண்ட தமிழ்ப்படை தனியாக முடிவெடுக்கவில்லை. தங்களுக்கு மூத்தவர்களாக மதித்த வளஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டிவைத்துக் கலந்து, தந்தக்கோயிலுக்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று பெயரிட்டு, அந்தக் கடமையைத் தமிழில் கல்லில் வெட்டினார்கள். தேரர் கேட்கிறார், படை ஒப்புகிறது, வணிகர் சாட்சி. இதைவிடத் தெளிவான ஆவணம் நமக்கு எதற்கு?

அதற்காக அந்தக் காலத்தை ஒரு பொற்காலமாக்கிக் காட்டவும் நான் விரும்பவில்லை. இதே வேளைக்காரர், சோழர்மீது படையெடுக்கும்படி விஜயபாகு பணித்தபோது மறுத்துக் கிளர்ந்தெழுந்தவர்கள். தளபதிகளைக் கொன்றார்கள். அரண்மனை எரிந்தது. மன்னனின் பதிலடியும் கொடூரமாகவே இருந்தது. இதைச் சூளவம்சம் விவரிக்கிறது.

பராக்கிரமபாகு (1153-1186) காலத்தில் வணிகம் அரசியலின் மையத்துக்கே வந்துவிட்டது. பர்மிய மன்னன் யானை விலையை உயர்த்தியதும் கிழக்குவழிப் போக்குவரத்தைத் தடுத்ததும் அந்நாட்டின்மீது கடற்படை அனுப்பியதற்கான காரணங்களாகச் சூளவம்சத்தில் வருகின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இன்றும் உள்ள தமிழ்க் கல்வெட்டும் அவனுடையதே. ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுப்பது பற்றியது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால்பங்கு பண்டாரத்துக்கு, முக்கால்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. சிங்கள மன்னன், தமிழ்த் துறை, தமிழ் எழுத்து, வெளிநாட்டு வணிகர். யானைக்கும் குதிரைக்கும் சலுகை கொடுத்த காரணம் விளங்கும்: அவை போருக்கு வேண்டியவை.

இதே பராக்கிரமபாகு, அரசுரிமைப் போர் நடத்திய காலத்தில், எங்கள் நாலந்தையில் கோட்டை வைத்திருந்தான். மலையிலிருந்து வறண்ட சமவெளிக்கு இறங்கும் வாசல் அது. அங்கே 'கெடிகே' என்ற கற்கட்டடம் ஒன்று இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மாமல்லபுரத்துக் கோயில் ஒன்றைத் தூக்கிவந்து வைத்ததுபோல் இருக்கும். அமைப்பு தமிழ்நாட்டுக் கோயில் பாணி. உள்ளே வழிபாடு பௌத்தம். மேலே மாடத்தில் செல்வத்தின் அதிபதியான குபேரன் அமர்ந்திருக்கிறான். மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது, மூழ்காதபடி கல் கல்லாகக் கழற்றி, உயரமான இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். இதை ஐந்நூற்றுவர் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வழியால் கலையும் கைவினைஞரும் நம்பிக்கைகளும் எப்படிக் கலந்து போய்வந்தன என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி அதுதான்.

இனி ஆபிரிக்காவை ஒருமுறை பார்க்கலாம். கானாவின் அரசன் பொன்சுரங்கத்தை விடச் சுங்கத்தையே நம்பினான். 1068இல் எழுதிய அல்-பக்ரியின் கணக்குப்படி, உப்பு ஏற்றிய கழுதை ஒன்று நாட்டுக்குள் வந்தால் ஒரு பொன் தினார், வெளியே போனால் இரண்டு. சகாராவின் நடுவே தகாசா என்ற இடத்தில் வீடுகளையே உப்புக்கட்டிகளால் கட்டியிருந்தார்கள். ஆனையிறவு உப்பளம் போரில் முடங்கிய பின் வடக்கில் உப்புக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தவர்களுக்கு, உப்புக்காகப் பாலைவனம் கடந்தவர்களின் கதை விளங்காமல் போகாது. மாலியின் மன்சா மூசா 1324இல் மக்கா யாத்திரை போகும் வழியில் கெய்ரோவில் இறைத்த பொன்னால் அங்கே பொன்விலையே வீழ்ந்தது.

இந்த இரண்டு உலகங்களையும் தன் கால்களால் இணைத்த ஒரு மனிதர் உண்டு: இபுன் பதூதா. 1344இல் அவர் புத்தளத்தில் இறங்கி, யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அரசன் பாரசீகம் விளங்கிக்கொண்டதையும், அவனிடம் இருந்த முத்துக்களையும், கையளவு மாணிக்கக் கிண்ணத்தையும், கரையெங்கும் கிடந்த கறுவா மரங்களையும் எழுதிவைத்திருக்கிறார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1352இல், அதே மனிதர் மாலிக்குப் புறப்பட்டு, தகாசாவின் உப்பு வீடுகளையும் பார்த்தார். மாலியில் அவரை வியக்கவைத்தவற்றில் ஒன்று, அந்த நாட்டில் பயணிக்குக் கள்வர் பயம் இல்லாதது. வணிகப் பேரரசு ஒன்றை அளக்க அவரிடம் இருந்த அளவுகோல் அது. அரண்மனையின் உயரத்தை வைத்து அவர் அளக்கவில்லை.

அந்த அளவுகோலால் பார்த்தால் ஐந்நூற்றுவரின் வீழ்ச்சியும் விளங்குகிறது. 1215இல் கலிங்கத்து மாகன் பெரும்படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்தான். அந்தப் படையில் தமிழரும் கேரளரும் இருந்தார்கள். விகாரைகள் கொள்ளை போயின, காணிகள் பிடுங்கப்பட்டன. தமிழ் வணிகர் 200 ஆண்டுகளாக வளர்த்த வழியைச் சிதைத்ததில் தமிழ் பேசிய வாளுக்கும் பங்கிருந்தது என்பதை நாம் தயங்காமல் சொல்ல வேண்டும். சிங்கள அரசுகள் தம்பதெனியா, யாப்பகுவ, குருநாகல், கம்பளை என்று தென்மேற்காக நகர்ந்தன. குளங்கள் உடைந்து, வயல் காடாகி, மலேரியா வந்தது. பதவியாவும் வாகல்கடவும் இருந்த வழியில் வாங்கவும் ஆளில்லை, விற்கவும் ஆளில்லை. வீரபட்டினக் கல்லைக் காடு மூடியது.

மறுபக்கம், 1311இல் மாலிக் கபூரின் படை மதுரைக்கு வந்தது. பாண்டியர் ஏற்கெனவே தமக்குள் அடித்துக்கொண்டு தளர்ந்திருந்தார்கள். கடலில் அராபிய, சோனக வணிகரின் கை ஓங்கியிருந்தது. கறுவாவை நாடி வந்த கப்பல்களுக்கு மேற்குக் கரைத் துறைகளே வசதி. யாப்பகுவவில் இருந்த முதலாம் புவனேகபாகு 1283இல் எகிப்துக்கே தூது அனுப்பினான். ஐந்நூற்றுவரை யாரும் போரில் தோற்கடிக்கவில்லை. எந்தத் தேதியிலும் அவர்கள் முடிந்துபோகவில்லை. 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் கற்களில் அவர்களின் பெயர் மெல்ல மங்கி, பிறகு இல்லாமல் போகிறது. மொழி மட்டும் கொஞ்சக்காலம் தாக்குப்பிடித்தது. சீனத் தளபதி செங் ஹே காலியில் வைத்த 1409ஆம் ஆண்டுக் கல்லில் சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழிகள். இலங்கைத் துறை ஒன்றில் வணிகரிடம் பேசத் தமிழ் வேண்டும் என்று நாஞ்சிங்கில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு பீரங்கி வந்தது. 1505இல் போர்த்துக்கேயரின் பிரான்சிஸ்கோ டி அல்மேதா கிழக்கு ஆபிரிக்காவின் வணிகநகரான கில்வாவைச் சூறையாடினான். அவனுடைய மகன் லோரன்சோதான், அதே ஆண்டில் என்றும் அடுத்த ஆண்டில் என்றும் சொல்வார்கள், காற்றில் அடிபட்டு இலங்கைக் கரைக்கு வந்தவன். சொங்காய் 1591இல் மொரோக்கோவின் துப்பாக்கிகளிடம் வீழ்ந்தது. யாழ்ப்பாணத்திலும் அதே 1591இல்தான் போர்த்துக்கேயர் அரசனைக் கொன்று தமக்கு வேண்டியவனை அமர்த்தினார்கள். பாடநூலில் வெவ்வேறு அத்தியாயங்களில் இருப்பதால் இந்த ஆண்டுகளை நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

என் தந்தையின் கடைக்குத் திரும்புகிறேன். 1983 ஜூலையில் மாத்தளையில் தமிழ்க் கடைகள் எரிந்தபோது எங்களுடையதும் எரிந்தது. அப்பா சாமானுக்காக அழவில்லை. கடன் கொப்பிக்காகத்தான் அழுதார். யார் எவ்வளவு தரவேண்டும், இவர் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது முழுவதும் அதில்தான். நாங்கள் வவுனியாவில் ஒரு வீட்டின் பின்விறாந்தையில் இருந்தோம். அடுத்த ஆண்டு, சுன்னாகத்து வியாபாரி ஒருவர் விசாரித்து ஆள் அனுப்பினார். மிளகுக் கணக்கில் தான் தரவேண்டிய தொகை, சதம் பிசகாமல், ஒரு துண்டுக் கடுதாசியில் கணக்கோடு வந்தது. வெங்காயக் கணக்கில் அப்பா அவருக்குக் கொடுக்கவேண்டியதை அவர் கழிக்கவில்லை. "அது நீங்கள் கடை திறந்த பிறகு" என்று எழுதியிருந்தார். அப்பா மறுபடி கடை திறக்கவில்லை. வீதி மூடியது, 2002இல் திறந்தது, 2006இல் மறுபடி மூடியது. வன்னி வழியே சரக்கு போன காலத்தில் இருபக்கமும் பொதிக்கு வரி வாங்கினார்கள். விலையில் அதைக் கட்டியவர்கள் நீங்கள்தான். போர் முடிந்து வீதி திறந்த பிறகு நான் சுன்னாகம் போய் அந்தக் கடையைத் தேடினேன். கட்டடம் இருந்தது, கடை வேறு. அவர் குடும்பம் கனடாவில் என்றார்கள். வெங்காயக் கணக்கு இன்னும் எங்கள் பக்கத்தில்தான் நிற்கிறது.

இந்தக் கல்வெட்டுகளைக் காணி உறுதி மாதிரித் தூக்கிக் காட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். தமிழ் எழுத்து இருக்கிறது, ஆகவே நிலம் எங்களுடையது என்று ஒரு பக்கம். தமிழ் எழுத்து என்றால் படையெடுப்பு, ஆகவே மறைத்துவிடு என்று மறுபக்கம். ஐந்நூற்றுவர் நிலம் கேட்டு அந்தக் கற்களை வெட்டவில்லை. வழியில் பயமில்லாமல் போய்வரவும், கொடுத்த வாக்கை ஊரறிய வைக்கவும் வெட்டினார்கள்.

போர் முடிந்ததிலிருந்து வடக்குப் பாடசாலைகள் சுற்றுலாவுக்குப் பொலன்னறுவை வருகின்றன. பஸ் நிறுத்துமிடத்திலிருந்து பிள்ளைகளை வட்டதாகேக்கு நடத்திப் போகிறார்கள். படம் எடுக்கிறார்கள், திரும்புகிறார்கள். அதே முற்றத்தில், அட்டதாகே என்ற தந்தக்கோயில் இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே, வேளைக்காரர் கல் நிற்கிறது. தொடக்கம் கிரந்தத்தில் சமஸ்கிருதம், பிறகு தமிழ். வளஞ்சியர், நகரத்தார் இருவரும் அந்தத் தமிழ்ப் பகுதியில்தான் வருகிறார்கள். நயினாதீவுக் கல்லைப் பார்க்க உங்களில் பலருக்கு ஒரு படகுப் பயணம் போதும். காலிக் கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாலந்தைக்கு ஏ9இல் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் எந்த பஸ்ஸிலும் இறங்கலாம். கெடிகே பிரதான வீதியிலிருந்து கிழக்கே, நீர்த்தேக்கத்தின் கரையில்.